அமெரிக்க ஐக்கியம்: ஒரு மறுப்பு

அமெரிக்க மக்கள் ஒரு காலத்தில் ஒருமனப்பட்டு வாழ்ந்தார்கள் என்றும், கட்சித் துவேஷம் இன்றுபோல் என்றுமே முற்றியிருந்ததில்லை என்றும், ஆகவே அந்தத் தேசம் இரண்டாக உடையும் நாள் தூரத்தில் இல்லை என்றும் மேடைதோறும் சொல்லிவருகிறார்கள். இம்மூன்றில் ஒன்றையும் சரித்திரம் ஒப்புக்கொள்ளவில்லை.

துவேஷத்தின் அளவை முதலில் பார்ப்போம். அடிமை முறையைக் கண்டித்துப் பேசிய குற்றத்துக்காக, 1856 மே 22 அன்று செனட் மண்டபத்தில் தம் மேஜையருகே அமர்ந்து எழுதிக்கொண்டிருந்த செனட்டர் சார்லஸ் ஸம்னரை, தென் கரோலினாப் பிரதிநிதி பிரெஸ்டன் புரூக்ஸ் கைத்தடி முறியுமளவும் அடித்து வீழ்த்தினார். ராஜிநாமாச் செய்த அவரைத் தொகுதி மக்கள் மறுபடியும் தேர்ந்தெடுத்து அனுப்பியதோடு, ஆதரவாளர் பலர் புதுத் தடிகளையும் பரிசளித்தார்கள். ஐந்தாண்டுகளில் அப்பகை உள்நாட்டு யுத்தமாக மூண்டு ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று.

ஒருமனப்பட்டிருந்த காலம் என்று மேடையில் பேசுவோர் சுட்டுவது பெரும்பாலும் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளையே. அந்த இணக்கத்தின் அஸ்திவாரம் எங்கே இடப்பட்டது என்று தேடிப்போனால், ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஹேய்ஸ் அப்பதவிக்கு வந்த 1876 தேர்தல் தகராறும், அதையொட்டித் தென் மாநில அரசு மாளிகைகளைக் காத்து நின்ற மத்திய சேனை 1877-இல் விலக்கப்பட்டதும் கண்முன் வரும். வடக்கும் தெற்கும் சமாதானமாயின. அதற்கு விலை கொடுத்தவர்களோ, விடுதலை பெற்றுப் பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த கறுப்பின மக்கள். வாக்களிக்க வரி, எழுத்தறிவுப் பரீட்சை, அவற்றையும் கடந்து வந்தவர்களுக்கு அடியும் மிரட்டலும் என்று அவர்களுடைய உரிமை பறிக்கப்பட்ட அநியாயம், 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை நீடித்தது. வடக்கின் தொழிலாளர்களும் தெற்கின் நிறவெறியர்களும் ஒரே டெமாக்ரடிக் கட்சியில் அவ்வளவு காலம் சேர்ந்திருக்க முடிந்ததற்கு, கறுப்பின மக்களின் உரிமைக் கேள்வியை எழுப்பாமல் தள்ளிப்போட்டதே முக்கிய காரணம். பேச வேண்டியவர்களின் வாயைக் கட்டிவிட்டுப் பெற்ற நிசப்தத்தை ஐக்கியம் என்று கொண்டாட என் மனம் ஒப்பவில்லை. இன்று எழும் கூச்சலில் ஒரு பங்கு, அவர்களும் சபைக்கு வந்துவிட்டதன் விளைவு. அதற்காக வருந்துவதற்கு ஒன்றுமில்லை.

தேசம் உடையும் என்ற ஆரூடத்துக்கும் ஆதாரம் போதாது. 1860-61-இல் பதினொரு மாநிலங்கள் பிரிந்துபோக முடிந்தது, பகைக்குப் பூகோள எல்லை ஒன்று இருந்தமையால். 2020 ஜனாதிபதித் தேர்தலிலோ, ட்ரம்ப் தாம் வென்ற டெக்ஸஸில் பெற்றதைவிட அதிகமான வாக்குகளை, தாம் தோற்ற கலிபோர்னியாவில் பெற்றார். இன்றைய பிளவு ஒரே தெருவிலும் ஒரே குடும்பத்திலும் ஓடுகிறதேயொழிய, தேசப்படத்தில் கோடு கிழித்துப் பிரிக்கக்கூடியதாக இல்லை.

அபாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அபிப்பிராய பேதம் அபாயமன்று. எண்ணி முடித்த வாக்கை ஏற்க மறுப்பதே அபாயம். 2021 ஜனவரி 6 அன்று அந்த 2020 தேர்தல் முடிவை ஏற்காத கும்பல் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தபோது, தேர்வாளர் சான்றுகள் அடங்கிய மரப்பெட்டிகளைச் செனட் ஊழியர்கள் பத்திரமாகத் தூக்கிச் சென்றார்கள். தேர்வாளர் வாக்கு எண்ணிக்கை மறுநாள் விடியுமுன் முடிந்தது. அந்த எண்ணிக்கையின்போது சபைக்கு ஒருவர் ஆட்சேபித்தாலே விவாதம் எழும் என்றிருந்த பழைய விதியை மாற்றி, ஒவ்வொரு சபையிலும் ஐந்தில் ஒரு பங்கினர் ஆட்சேபித்தால்தான் எழும் என்று 2022 டிசம்பரில் திருத்தியபோது, அதற்கு இரு கட்சியாரும் கைதூக்கினார்கள்.