இரண்டு சட்டங்களுக்கு வெளியே ஒரு குழந்தை

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்ற அமைப்பு இன்றும் மாறிவிடவில்லை. பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 29 விழுக்காடு என்று 2011 கணக்கெடுப்பு கூறுகிறது. தெருவும் சுடுகாடும் கல்லறையும் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் இம்மண்ணில், இரு பக்கத்துக் குழந்தைகளும் ஒரே கூரையின் கீழ் நாள் முழுவதும் அமரும் இடம் தொடக்கப் பள்ளி மட்டுமே. அப்பள்ளிகளில் பல, கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகள். பல தலித் குடும்பங்களில் முதல் தலைமுறையின் கையில் சிலேட்டைக் கொடுத்தவை மிஷன் பள்ளிகளே. இந்த வரலாற்றை நன்றியோடு நினைவுகூர வேண்டும்.

இப்பள்ளிகளின் ஆண்டு விழாக்களில் ‘நாம் அனைவரும் ஒரே குடும்பம்’ என்ற சொல் தவறாமல் ஒலிக்கிறது. ஆண்கள் தொடக்கப் பள்ளியொன்றில் ஆறு வயதில் சேரும் தலித் கிறித்துவச் சிறுவனுக்கு அந்தச் சொல்லைத் தவிர வேறு என்ன பாதுகாப்பு இருக்கிறது? சட்டத்தின் கண் கொண்டு பார்த்தால், விடை அதிர்ச்சியளிக்கிறது.

முதலில், மதம் சாதியைக் கரைத்துவிடும் என்ற நம்பிக்கையை எறையூர் உடைத்தது. அன்று விழுப்புரம் மாவட்டத்திலும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் உள்ள அவ்வூரில், ஒரே திருச்சபையைச் சேர்ந்த வன்னியக் கிறித்துவர்களுக்கும் தலித் கிறித்துவர்களுக்கும் தனித்தனிக் கல்லறைகள் இருந்தன. பாகுபாட்டைத் தாங்க முடியாத தலித் மக்கள் தங்களுக்கெனத் தனிப் பங்கு கோரினர். 2008 மார்ச் 9 அன்று தலித் குடியிருப்பு தாக்கப்பட்டது. காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்துவர் இருவர் உயிரிழந்தனர். ஒரே மறைக்கல்வியைப் பயின்ற மக்களிடையேதான் இது நடந்தது.

சட்டத்திற்கு வருவோம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. அது 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. கிறித்துவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் தலித் கிறித்துவர், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். எனவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. ஒரே சேரியைச் சேர்ந்த உறவுக்காரச் சிறுவர் இருவர் ஒரே வகுப்பில் ஒரே இழிசொல்லால் அவமதிக்கப்பட்டாலும், சான்றிதழில் ‘இந்து’ என்றிருப்பவனுக்கு மட்டுமே அச்சட்டம் துணை நிற்கும். தலித் கிறித்துவருக்குப் பட்டியல் சாதித் தகுதி வழங்கக் கோரி 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்றிய அரசு அசையவில்லை.

அடுத்தது, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்யும் பிரிவு 17, பெற்றோர் நான்கில் மூன்று பங்கு இடம்பெறும் பள்ளி மேலாண்மைக் குழுவை வலியுறுத்தும் பிரிவு 21 ஆகியவை அதில் உள்ளன. நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அக்குழுவில் விகிதாச்சாரப் பங்கு உண்டு. 2012இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், சிறுபான்மைப் பள்ளிகளில் இக்குழுவை ஆலோசனை கூறும் அமைப்பாகச் சுருக்கியது. 2014 மே 6 அன்று, பிரமதி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு, உதவி பெறும் பள்ளியாயினும் பெறாத பள்ளியாயினும் சிறுபான்மையினர் நடத்தினால் இச்சட்டமே பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பர் 1 அன்று இருவர் அமர்வு ஒன்று அத்தீர்ப்பின் சரித்தன்மையை ஐயுற்று, பெரிய அமர்வு பரிசீலிக்கும் பொருட்டுத் தலைமை நீதிபதிக்கு அனுப்பியது.

இதனிடையே நடந்த கொடுமை ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022 நவம்பரில் ஒன்றிய அரசு, சிறுபான்மை மாணவருக்கு ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை வழங்கிவந்த கல்வி உதவித்தொகையை நிறுத்தியது. கல்வி உரிமைச் சட்டம் அவ்வகுப்புகளுக்கு இலவசக் கல்வியை உறுதி செய்கிறது என்பதே அதற்குச் சொன்ன காரணம். எந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிக்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் கூறியதோ, அதே சட்டத்தைக் காட்டி அப்பள்ளியில் பயிலும் சிறுபான்மைக் குழந்தையின் உதவித்தொகை பறிக்கப்பட்டது.

ஆயினும் ஒரு கருவி எஞ்சியிருக்கிறது. அதை மாணவத் தோழர்கள் அறிந்துகொள்வது நலம். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பாதிக்கப்பட்டவரின் மதத்தைக் கேட்பதில்லை. தீண்டாமையின் பெயரால் கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுப்பதும், சேர்த்த பின் பாகுபாடு காட்டுவதும் அதன் பிரிவு 5இன்படி ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராயின், செயல் தீண்டாமையின் அடிப்படையில் நடந்ததென நீதிமன்றம் முதலில் கருதிக்கொள்ள பிரிவு 12 வழி செய்கிறது. தலித் கிறித்துவருக்கு அச்சலுகை இல்லை. தீண்டாமையை அவரே மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிப்பது கடினம் என்பதால் இச்சட்டத்தை மறந்துவிடக் கூடாது.

பாகுபாட்டைக் கற்றலிலிருந்து பிரித்துப் பார்ப்பது பெரும் பிழை. கடைசி வரிசையில் அமர்த்தப்படுபவன், விடை தெரிந்தும் எழுப்பப்படாதவன், கழிவறையைக் கழுவ மட்டும் அழைக்கப்படுபவன் மூன்றாம் வகுப்பிலேயே கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறான். ஐந்தாம் வகுப்பில் அவனால் சரளமாக வாசிக்க முடியாதபோது, ‘வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை’ என்று பழி குடும்பத்தின் மீது விழுகிறது. பெருந்தொற்றுக் கால இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபர் 27 அன்று இதே விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. குழந்தையின் வாசலுக்கே கல்வியைக் கொண்டுசென்ற நல்ல திட்டம் அது. ஆனால், வாசல்கள் சாதிவாரியாகப் பிரிந்திருக்கும் ஊரில், சேர்ந்து கற்கும் அனுபவத்தை வாசலில் தர முடியாது. அதைப் பள்ளியால் மட்டுமே தர முடியும்.

சேர்ந்து உண்பதும் அத்தகையதே. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. தொடக்க விழா நடந்தது திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரி புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில். 2025 ஆகஸ்ட் 26 அன்று நகர்ப்புறப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டபோது, சென்னை மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் விழா நடந்தது. இரண்டுமே கத்தோலிக்கப் பள்ளிகள். ஆகவே காலைப் பந்தியும் இப்பள்ளிகளின் பொறுப்பாகிவிட்டது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூர் அரசுப் பள்ளியில், தலித் பெண் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாதெனப் பெற்றோர் சிலர் தடுத்தனர். மாவட்ட ஆட்சியர் நேரில் சென்று எச்சரித்தார். இப்படி ஒரு கோரிக்கை கத்தோலிக்கப் பள்ளியின் வாசலுக்கு வந்தால், தாளாளர் என்ன செய்வார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆண்கள் பள்ளிகளுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் வெட்டியவர்கள், அம்மாணவருடன் ஒரே பள்ளியில் பயின்ற பதின்பருவ ஆண்கள். கையில் சாதிக் கயிறு ஏறுவதற்கு முன்பே ‘நாங்கள்’, ‘அவர்கள்’ என்ற பிரிப்பு மனத்தில் ஏறிவிடுகிறது. அதைத் தடுக்கத்தக்க வயது தொடக்கப் பள்ளி வயதுதான். அந்நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை, அகர வரிசையில் மாணவரை அமர்த்துதல் போன்ற அதன் பரிந்துரைகளை நிறைவேற்ற எந்தப் பள்ளியும் அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்துத்துவ ஆற்றல்கள் சிறுபான்மைப் பள்ளிகளைக் குறிவைக்கும் காலத்தில் இவ்விமர்சனம் தேவையா என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. அரசமைப்புச் சட்டக் கூறு 30 காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அக்கூறு யாருக்கான உரிமை? இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, ஏறத்தாழ 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று ஒப்புக்கொண்டது. அவ்வாறாயின் கூறு 30இன் பெரும்பான்மை உரிமையாளர் தலித் கத்தோலிக்கரே. அவ்வுரிமையைக் காட்டி அவர்தம் பிள்ளைகளின் உரிமையை மறுக்க எந்த நிர்வாகத்திற்கும் அறமில்லை.

எனவே புதுவை – கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பள்ளிகள் ஐந்து செயல்களைத் தாமாக முன்வந்து செய்யலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 17ஐயும் 21ஐயும் பள்ளி விதிகளாக ஏற்கலாம். மேலாண்மைக் குழுவில் சேரிப் பெற்றோருக்கு, குறிப்பாகத் தாய்மாருக்கு, உரிய இடம் தரலாம். இருக்கை, துப்புரவுப் பணி, உணவுப் பந்தி ஆகியவற்றில் சுழற்சி முறையை எழுத்தில் வகுக்கலாம். ஒவ்வொரு பருவத்திலும் வாசிப்பு, கணக்குத் திறனைக் குழந்தைவாரியாகப் பெற்றோர் முன் வைக்கலாம். பாகுபாடு குறித்த புகாரைப் பள்ளிக்கு வெளியிலுள்ளவர் ஒருவர் விசாரிக்கும் ஏற்பாட்டைச் செய்யலாம். இவற்றுள் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை. உச்ச நீதிமன்றத்தின் பெரிய அமர்வு கூடும் வரை காத்திருக்கவும் தேவையில்லை.

கல்லூரி மாணவத் தோழர்கள் தாங்கள் படித்த தொடக்கப் பள்ளிக்கு முன்னாள் மாணவராகச் சென்று கேட்கத் தொடங்கலாம்: மேலாண்மைக் குழு இருக்கிறதா? அதில் நம் தெருவிலிருந்து யார் இருக்கிறார்?