காருக்குச் சட்டை தைக்கிறவர்கள்

சொந்த வீடு கட்டுகிற நம்மவர்களுக்கு ஒரு விசித்திரமான பெருமை உண்டு. கார் ஷெட்டைத் தங்கள் காருக்கென்றே அளவெடுத்துக் கட்டியிருப்பதாகச் சொல்லிக் கொள்வார்கள். மேஸ்திரி டேப்பைப் பிடித்துக் காரின் மூக்கிலிருந்து வால் வரை அளந்தாராம். பக்கத்துக்கு ஓர் அடி விட்டுச் சுவர் எழுப்பினாராம். ஓர் அங்குலம்கூட வீணாகவில்லையாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், கதவைத் திறந்து மனிதன் இறங்க வேண்டாமா?

வளர்கிற பிள்ளைக்குச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது, "கொஞ்சம் தாராளமாகவே தைத்துவிடப்பா" என்று சொல்லத் தெரிந்த குடும்பஸ்தர், செங்கல்லாலும் சிமெண்டாலும் தைக்கிற சட்டைக்கு மட்டும் அந்தப் புத்தியை ஏன் கைவிடுகிறார்? சட்டை சிறுத்துப் போனால் தம்பிக்குப் போடலாம். ஷெட் சிறுத்துப் போனால் யாருக்குப் போடுவது?

1983-ல் மாருதி 800 வந்தது. நீளம் 11 அடிக்குச் சற்றுக் குறைவு; அகலம் 5 அடிகூட இல்லை. அதை நம்பி 12 அடியில் ஷெட் கட்டியவருடைய பிள்ளை, பின்னால் இன்னோவா கிரிஸ்டா வாங்கினால் என்ன செய்வான்? அதன் நீளம் பதினைந்தரை அடி. அகலம் 6 அடி. அம்பாஸடர் உற்பத்தியே 2014-ல் நின்றுவிட்டது. அதற்கென்று கட்டிய சுவர்கள் நிற்கின்றன. தலைமுறைக்கு நிற்கிற சுவர், சில வருஷம் ஓடுகிற காருக்கு அடிமைச் சீட்டு எழுதிக் கொடுப்பது என்ன நியாயம்?

"எங்கள் மனை சிறியது; பொது அளவெல்லாம் பணக்காரர்களுக்கு" என்பார்கள். தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் ஒரு காருக்குக் கேட்பது இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். அதாவது, ஏறக்குறைய எட்டேகால் அடிக்குப் பதினாறரை அடி. இதில் ஆடம்பரம் எங்கே வந்தது? இரு பக்கமும் சுவர் எழுப்பினால் இதுவே நெருக்கடிதான். ஆறடிக் காரை நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு ஓரடிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். பத்தடி அகலம் விட்டால் இரண்டடி கிடைக்கும். முழங்கால் வலிக்கிற பாட்டி காலை ஊன்றி நிம்மதியாக இறங்குவாள். பத்தடிக்கு வழியில்லையா? பக்கச் சுவரை விட்டுவிடுங்கள். நாலு தூணும் ஒரு கூரையும் போதும்.

பொது அளவு என்பது ரசனை கெட்டவர்களின் அளவு அல்ல. இன்னும் வாங்காத காரையும், இந்த வீட்டுக்கு நாளைக்கு வரப் போகிறவரையும் நினைத்துப் பார்க்கிற அளவு அது.

அளவெடுத்த ஷெட்டின் கதி என்ன ஆகிறது என்பதைத் தெருத் தெருவாகப் பார்க்கிறோம். பழைய பீரோவும் உடைந்த சைக்கிளும் உள்ளே. புதுக் கார் வெளியே. பள்ளிக்கூடம் போகிற குழந்தை அந்தக் காரைச் சுற்றிக்கொண்டு நடுத்தெருவில் நடக்கிறது. நம் மனையில் மிச்சம் பிடித்த இரண்டடிக்காக ஊரார் தெருவில் ஆறடியை எடுத்துக்கொள்கிறோம். இதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்காதீர்கள்.