வராத பாதாளச் சாக்கடைக்குக் காத்திருக்க வேண்டாம்

"டேங்க் கட்டிப் பதினஞ்சு வருசமாச்சு, ஒருதடவைகூட வண்டி கூப்பிட்டதில்லை" என்று பெருமையாகச் சொல்லும் வீட்டுக்காரர்களைக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். கட்டிக்கொடுத்த கொத்தனாருக்கும் அதனால் நல்ல பெயர். ஆனால், அது பயப்பட வேண்டிய சேதி.

செப்டிக் டேங்க் என்றால் அடியிலும் பக்கத்திலும் சொட்டுக் கசியக் கூடாது. உள்ளே இரண்டு அறைகள் வேண்டும். கசடு அடியில் தங்க, தெளிந்த நீர் மட்டும் உறிஞ்சுகுழிக்குப் போகவேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுத்தே ஆகவேண்டும். எடுக்காமலே பதினைந்து ஆண்டு ஓடுகிறதென்றால், பெரும்பாலும் அது தளம் போடாமல் சிமென்ட் உறை மட்டும் இறக்கிய குழியாக இருக்கும். இல்லையேல் பின்பக்கம் ஒரு பிவிசி பைப் சத்தமில்லாமல் தெருக் கால்வாயில் இறங்கியிருக்கும். ஐப்பசி மழையில் மூடியோரம் கொப்பளித்து வரும்போதுதான் வீட்டுக்காரருக்கே விஷயம் தெரிகிறது.

வடக்கனந்தல் பேரூராட்சிக்கு இந்தக் கவலை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கவேண்டும். கல்வராயன் மலைத் தண்ணீர் கோமுகி அணைக்கு வந்து சேர்வது இந்த அடிவாரத்தில்தான். அணை 46 அடி நிரம்பியதா என்று மழைக்காலம் முழுக்க விசாரிக்கிறோம். அதே மழை நம் வீட்டுக் குழிகளின் வழியாகவும் மண்ணுக்குள் இறங்குகிறதே, அதை யாரும் விசாரிப்பதில்லை. குழிக்குப் பத்தடி தள்ளி போர்வெல் போட்ட வீடுகள் எந்த ஊரில்தான் இல்லை?

"பாதாளச் சாக்கடை வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற பதில் எப்போதும் தயார். தேர்தல் வாக்குறுதிக்கும் அது தோதான சரக்கு. நாம் அதற்கு எதிரி அல்ல. ஆனால், குழாய் புதைத்தால் மட்டும் கழிவு ஓடிவிடாது. பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும், இல்லாத ஊருக்கு 70 லிட்டர் போதும் என்பது மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு வகுத்த கணக்கு. நாள்விட்டு நாள் குழாயில் தண்ணீர் வரும் தெருவில் 135 லிட்டருக்கு எங்கே போவது? தண்ணீர் குறைந்தால் கசடு குழாயிலேயே தங்கி அடைக்கும். பள்ளமான இடத்தில் மோட்டார் வைத்து ஏற்றவேண்டும். கரண்ட் போனால் மேன்ஹோல் பொங்கும். தெருவெல்லாம் தோண்டிக் குழாய் போட்டு முடித்த நகராட்சிகளிலும், டெபாசிட் கட்டி இணைப்பு வாங்காத வீடுகள் பழைய குழியிலேயே காலம் தள்ளுகின்றன.

பணக்கார நாட்டிலும் இது லேசான காரியமில்லை. அமெரிக்காவில் மயாமி நகரம் அடங்கிய மாவட்டத்தில் இன்னும் லட்சத்துக்கும் மேற்பட்ட செப்டிக் டேங்குகள் இருக்கின்றன. கடல்மட்டம் உயர நிலத்தடி நீரும் மேலேறுவதால், அவற்றைச் சாக்கடைக் குழாயோடு இணைக்கும் வேலையைப் பகுதி பகுதியாகச் செய்துவருகிறார்கள். அவர்களுக்கே இந்தப் பாடு.

ஆகவே வடக்கனந்தலுக்கு நாம் காட்டும் வழி மயாமி அல்ல, மதுராந்தகத்தை அடுத்த கருங்குழி. அதுவும் ஒரு பேரூராட்சிதான். லாரிகள் உறிஞ்சிவரும் கசடைச் சுத்திகரிக்கவென்றே 2017-இல் அங்கே ஒரு நிலையம் தொடங்கியது. நாளொன்றுக்குச் சுமார் 23 ஆயிரம் லிட்டர் கொள்ளளவு. மதுராந்தகத்துக் கசடும் அங்கேதான் போகிறது. கசடைப் படுகையில் பரப்பிக் காயவிடுகிறார்கள், பிரியும் நீரைத் தனியே சுத்தம் செய்கிறார்கள். தெருவைத் தோண்டும் வேலையே இல்லை. முறையாகப் பதப்படுத்தினால் காய்ந்த கசடு எருவாகும். கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலையை நம்பிக் கரும்பு போடும் மண்ணுக்கு அது வேண்டாத சரக்கா என்ன?

சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் என்று பக்கத்துப் பேரூராட்சிகளும் கள்ளக்குறிச்சி நகராட்சியும் சேர்ந்தால் இப்படியொரு பொது நிலையம் கட்டுப்படியாகும். "எங்க ஊர் எல்லையில் வேண்டாம்" என்ற எதிர்ப்பு நிச்சயம் வரும். அப்படிச் சொல்பவர்களிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு: உங்கள் வீட்டில் எடுக்கும் வண்டி ராத்திரியில் எந்த ஓடையில் போய்த் திறந்துவிடுகிறது?

உரிய பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கிக் குழியைச் சுத்தம் செய்வது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி இறக்கப்பட்டு உயிர் போனால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இருந்தும் சாவுச் செய்தி நின்றபாடில்லை. அதில் ஒப்பந்ததாரர் மட்டுமல்ல, "சல்லிசா முடிச்சுக் குடுப்பா" என்று பேரம் பேசும் வீட்டுக்காரரும் பங்காளி.

பேரூராட்சி மன்றம் இப்போதே மூன்று காரியம் செய்யலாம். வீடுவீடாகக் குழிகளைக் கணக்கெடுக்கலாம். தளமும் உறிஞ்சுகுழியும் இல்லாத புது வீட்டுக்கு அனுமதி மறுக்கலாம். பக்கத்து ஊர்களோடு பேசி நிலையத்துக்கு நிலம் ஒதுக்கலாம். வாசகர்களும் மழைக்கு முன் 14420 என்ற உதவி எண்ணை அழைத்து உரிமம் பெற்ற வண்டியை வரவழையுங்கள். கசடை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.