அடுக்களை முன்னாலா, பின்னாலா?

அய்யலூர்ப் பக்கம் புதுவீடு கட்டுவோர், அடுக்களையை முன்புறம் வைக்கலாமா என வினவுகின்றனர். மார்க்கத்தில் தொழுகைக்குக் கிப்லாத் திசை உண்டு. அடுப்புக்குத் திசை விதிக்கப்படவில்லை. விறகுப் புகையையும் கிணற்றடியையும் எண்ணியே முன்னோர் அதனைப் பின்கட்டில் அமைத்தனர். காயல்பட்டினத்திலோ, பெண்கள் தாராளமாகப் போய்வர வீடுகளுக்கிடையே முடுக்குகளும் விட்டனர். இன்று எரிவாயு அடுப்பால் புகை குறைந்தது; ஆனால் சன்னலற்ற மூலையே பல வீடுகளில் சமையலறையாகிறது. மறைவு வேண்டின் திரையிடலாம், காற்றையே அடைத்துவிடலாகாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டுப் பணிகளில் துணைநின்றதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் புகாரியில் உள்ளது. ஆகவே, வரைபடம் போடுமுன் அங்கே நாளெல்லாம் நிற்கப்போகும் பெண்மணியைக் கேளுங்கள். முன்னாயினும் பின்னாயினும், ஆண்மக்களும் உட்புகுந்து கைகொடுக்கும் இடமாக அது அமைய அல்லாஹ் அருள்புரிவானாக!