கார் டிக்கிக்கு ஃபைபர் ஸ்பீக்கர் பாக்ஸ்: பில்லில் வராத விலை என்ன?

சப்வூஃபர் வாங்கியாச்சு, ஆம்ப்ளிஃபயரும் வாங்கியாச்சு. ஆனால் ரெடிமேட் மரப்பெட்டியை வைத்தால் டிக்கியில் ஒரு டிராலி பேக் வைக்கக்கூட இடமில்லை. அப்போதுதான் கடைக்காரர் சொல்வார்: “சார், ஃபைபர்ல கஸ்டமா பண்ணிடலாம்!” கார் ஆக்சஸரீஸுக்குப் பெயர்போன சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடாக இருந்தாலும் சரி, உங்கள் ஊர் பைபாஸ் ஓரக் கடையாக இருந்தாலும் சரி, இது பழகிய வசனம்தான்.

யோசனை நல்லதுதான். பின் சக்கர வளைவை ஒட்டி சும்மா கிடக்கும் கோணல்மாணலான மூலையில் மரப்பலகை உட்காராது, ஃபைபர் உட்காரும்.

பெட்டி எதுக்கு?

ஸ்பீக்கர் கோன் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஒன்றுக்கொன்று எதிர். இரண்டும் கலந்தால் பேஸ் காணாமல் போய்விடும். அதைப் பிரிப்பதே பெட்டியின் வேலை. உள்ளே அடைபட்ட காற்று கோனுக்கு ஸ்பிரிங் மாதிரியும் வேலை செய்கிறது. அதனால் எத்தனை லிட்டர் என்பது முக்கியம். பல 12 இஞ்ச் சப்வூஃபர்களுக்கு மூடிய பெட்டி என்றால் சுமார் 1 கன அடி, அதாவது 28 லிட்டர் தேவைப்படும். சரியான அளவு ஸ்பீக்கருடன் வரும் கையேட்டிலேயே இருக்கும். வளைந்த பெட்டியை ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. மூடுவதற்கு முன் அரிசியையோ தெர்மகோல் மணிகளையோ கொட்டி, பிறகு அதை லிட்டர் படியில் அளந்தால் போதும். இதைச் செய்யாத கடை அழகான பெட்டி தரும், பேஸுக்கு உத்தரவாதம் கிடையாது.

எப்படிச் செய்றாங்க?

டிக்கியின் மூலையில் மாஸ்கிங் டேப், அதன் மேல் அலுமினிய ஃபாயில் ஒட்டுவார்கள். அதன் மீது ஃபைபர் மேட்டைப் பரப்பி, பாலியஸ்டர் ரெசின் தடவி, காய்ந்ததும் பெயர்த்தெடுப்பார்கள். அந்த மூலையின் அச்சு அப்படியே வரும். வெளியே வைத்து இன்னும் சில அடுக்குகள் போட்டு கனமாக்க வேண்டும். முன்பக்கம் ஸ்பீக்கருக்கு எம்.டி.எஃப். வளையம், அதற்கும் ஓரத்துக்கும் நடுவே துணியை இழுத்துக் கட்டி, ரெசினில் ஊறவைத்தால் அந்த வழவழ வளைவு கிடைக்கும். பிறகு பட்டி, சாண்டிங், பெயிண்ட். (பட்டி தேய்ப்பதுதான் பாதி வேலை!) அடுக்கு குறைந்தால் பெட்டியே அதிரும். தட்டிப் பாருங்கள், ‘டொக்’ என்று கெட்டியாகக் கேட்க வேண்டும்.

ஆபத்து எங்கே?

ரெசினிலிருந்து வரும் அந்தக் காட்டமான வாசனைக்குக் காரணம் ஸ்டைரீன். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-ல் இதை ‘மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க அதிக வாய்ப்புள்ளது’ என்ற பிரிவுக்கு மாற்றியது. கர்சீஃபோ, என்95 மாஸ்க்கோ இந்த ஆவியைத் தடுக்காது. கரிம ஆவியை வடிக்கும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க்தான் வேண்டும். சாண்டிங் தூசிக்குத் தனி ஃபில்டரும் வேண்டும்.

அடுத்தது கேட்டலிஸ்ட் எனப்படும் எம்.இ.கே.பி. ரெசினில் 1 முதல் 2% வரைதான் சேர்ப்பார்கள். ஆனால் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். இதை கோபால்ட் ஆக்சிலரேட்டருடன் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கக்கூடச் செய்யும். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட். வீடியோ பார்த்து வீட்டு பால்கனியில் இறங்கத் துடிப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

நமக்கு இது ஒருநாள் ஆசை. ஷட்டரை அரைவாசி இறக்கிவிட்டு தினமும் ரெசின் தடவும் ஊழியருக்கு அதுதான் பிழைப்பு. பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவது மாஸ்க்கும், எக்ஸாஸ்ட் ஃபேனும், காயவிடும் நாட்களும்தான். “சாயந்திரமே டெலிவரி” என்று நாம் கேட்பதும் இதில் சேர்த்தி. எனவே கடையைத் தேர்ந்தெடுக்கும்போது பழைய வேலைகளின் போட்டோவை மட்டும் பார்க்காமல், வேலை நடக்கும் இடத்தையும் எட்டிப் பாருங்கள். அங்கே கண்ணாடியும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் கண்ணில் பட்டால், அந்தக் கடை கூடுதலாகக் கேட்கும் தொகையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

பெட்டி வந்த பிறகும் இரண்டு விஷயம் இருக்கு. அதை காரின் பாடியோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். சும்மா வைத்த பெட்டி, விபத்தில் பின்சீட்டைத் தாக்கும். முழுதாகக் காயாத ரெசின், வெயிலில் பூட்டிய காருக்குள் ஸ்டைரீனை விட்டுக்கொண்டே இருக்கும். வாசனை போகும்வரை, சில நாட்கள் ஆனாலும், பெட்டி காற்றோட்டமான இடத்தில் வெளியிலேயே இருக்கட்டும்.