நடக்கத்தானே கூப்பிட்டேன்!

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "தனுஷ்கோடியில ஒரு நாள் கடலோரமா நடந்துட்டு வருவமா?" என்று டீக்கடையில் கேட்டுத் தொலைத்தேன். காந்திகிராமத்தில் காலையில் நடக்கிற கூட்டம் நாங்கள், மொத்தம் பன்னிரண்டு பேர். அம்பாத்துரைப் பக்கம் ரெண்டு கிலோமீட்டர் நடப்போம். அப்புறம் முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்காருவோம். சிறுமலையையே பார்த்துக் கிடந்தவர்களுக்குக் கடல் என்றதும் ஒரே குஷி. அன்று சாயங்காலமே வாட்ஸ்அப் குழு தொடங்கியாச்சு. இந்த மூன்று வாரத்தில் நானூறு செய்திக்கு மேல் வந்திருக்கும். நடப்பதைப் பற்றி ஒன்று இருந்தால் காட்டுங்கள்.

என் கணக்கு ரொம்ப எளிது. நடுராத்திரி ஒரு மணிக்கு வேன் கிளம்பினால் மதுரை, பரமக்குடி, பாம்பன் என்று இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, விடிகிற நேரத்துக்கு முகுந்தராயர் சத்திரம். அங்கிருந்து அரிச்சல்முனை ஒன்பதரை கிலோமீட்டர். அலை நனைத்த மணலில் நடந்தால் கால் அவ்வளவாகப் புதையாது. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும், நம்பி ஒதுங்க நிழல் கிடையாது. மாசி மாதம்தான் தோது. ஐப்பசி கார்த்திகையில் மழை. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று மணலை அள்ளி முகத்திலேயே அறையும்.

இதை நான் எழுதிப் போட்டதும் மாமா ஒருவர் குரல்பதிவு அனுப்பினார். "மாப்ளே, தை அமாவாசைக்கு வையி. அப்பாவுக்குத் தர்ப்பணம் குடுத்த மாதிரியும் ஆச்சு, ஒரே கல்லுல ரெண்டு மாங்கா." தை அமாவாசையன்று ராமேஸ்வரத்தில் எள் போட்டால் எள் விழாது, இவர் எள்ளும் தண்ணியும் இறைக்கப் போகிறாராம். அடுத்து ஓர் அக்கா: கோயிலில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டுத்தான் நடப்பாராம். ஈரச் சேலையோடு ஒன்பதரை கிலோமீட்டர் நடந்து பாருங்கள் அக்கா என்று எழுதி, அழித்துவிட்டேன்.

சாப்பாட்டுக்கு வருவோம். கட்டுச்சோறு என்றொரு நல்ல வார்த்தை தமிழில் இருக்கிறது. புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், நாலு சிறுமலைப் பழம், அவ்வளவுதான் என்றேன். திண்டுக்கல்காரனிடம் போய்ச் சொல்லலாமா இதை? "அண்ணே, பிரியாணி இல்லாமயா?" ராத்திரி கட்டிய பொட்டலம் காலை பத்து மணிக்கு என்ன வாடை வீசும் என்று யாருக்கும் கவலையில்லை. 1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜியோடு உப்பெடுக்க நடந்தவர்களுக்குச் சோறு போடக் கூடாது என்று தஞ்சாவூர் கலெக்டர் மிரட்டியபோது, ஊர்க்காரர்கள் மரக்கிளையில் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டார்களாம். எங்கள் ஆட்கள் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, முட்டை இருக்கா என்று பார்த்திருப்பார்கள்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், அவரவர் முதுகில். இதைச் சொன்னதிலிருந்து இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. பையை மாட்டிக்கொண்டு சின்னாளபட்டி போய்த் திரும்ப வேண்டும் என்று சொல்லியிருந்தேன். வந்தது மூன்று பேர். ஒருவர் காலில் பளபளவென்று புது ஷூ. விலைச்சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. நாலு நாள் போட்டுப் பழக்குங்கள் என்று தலைப்பாடாகச் சொல்லியிருந்தேன். சின்னாளபட்டி போய்ச் சேரும்போது குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம். அங்கேயே ஆட்டோ பிடித்துவிட்டார். இன்னொருவர் வெறுங்கையை வீசி அருமையாக நடந்தார். என்ன இவ்வளவு வேகம் என்று திரும்பிப் பார்த்தால், பின்னால் அவர் வீட்டம்மா ஸ்கூட்டியில், மடியில் இவர் பையோடு உருட்டிக்கொண்டு வருகிறார்.

எனக்கு இருந்த ஆசையே வேறு. ஒரு பக்கம் அடங்கிக் கிடக்கிற கடல், மறுபக்கம் குமுறுகிற கடல். அந்த ஊர்க்காரர்கள் பெண் கடல், ஆண் கடல் என்பார்கள். நடுவில் ஒரு கீற்று மணல். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ரயிலையே கடல் வாரிக்கொண்டு போன இடம். அங்கே கூரையில்லாமல் நிற்கிற பழைய தேவாலயத்தை வேன் ஜன்னலில் பார்த்தால் அரை நிமிஷம். நடந்து போனால் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். இதைக் குழுவில் உருகி உருகி எழுதினேன். கீழே வந்த பதில்: "அங்க மீன் வறுவல் நல்லா இருக்குமாமே?"

நேற்று வேன் டிரைவரையும் குழுவில் சேர்த்துவிட்டார்கள். வந்ததும் வராததுமாக அவர் போட்ட செய்தி: "சார், அரிச்சல்முனை வரைக்கும் 2017லயே தார் ரோடு போட்டாச்சே. வண்டி நேரா போயிரும். எதுக்கு நடக்கணும்?"

பதினோரு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். அதில் ஒன்று என் வீட்டம்மாவுடையது.