நீர் வரும் வழியும் கழிவுநீர் போகும் வழியும்

இலண்டன் மாநகரின் கழிவுநீர் வரலாற்றைக் கூறுவோர் 1858ஆம் ஆண்டின் 'பெரும் நாற்றத்தையும்', அதனைத் தொடர்ந்து பொறியியலாளர் பாசல்ஜெட் அமைத்த நிலத்தடிக் கால்வாய்களையும் குறிப்பிடத் தவறுவதில்லை. ஆனால் எம்மவர் பலர் இன்று வாழும் வால்தம்ஸ்டோ அன்று அத்திட்டத்தின் எல்லைக்கு வெளியே, எசெக்ஸ் மாவட்டத்து ஊராக இருந்தது. 1871இல் ஏறத்தாழ 11,000 ஆக இருந்த அதன் குடித்தொகை 1901இல் ஏறத்தாழ 95,000 ஆயிற்று. தலைநகரின் கால்வாய் தன்னை நாடி வரும் என அவ்வூர் காத்திருக்கவில்லை. லோ ஹால் பண்ணையில் தனக்கென ஒரு கழிவுநீர் ஏற்பாட்டைச் செய்துகொண்டது. அங்கு 1885இல் எழுந்த நீரேற்று நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

புறநகர் ஊரொன்று தன் அளவுக்கேற்பத் திட்டமிட்ட இந்த முன்னுதாரணத்தை யாழ்ப்பாணக் குடாநாட்டின் இன்றைய நிலையோடு ஒப்புநோக்குவது அவசியமாகின்றது.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளுக்குள் தேங்கும் மழைநீரே எமது கிணறுகளின் ஊற்று. அந்த நன்னீர் உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல் மிதக்கிறது. அதே பாறைக்குள்தான் மலசலகூடக் குழிகளின் கசிவும் தோட்டங்களுக்கு இடும் உரத்தின் எச்சமும் இறங்குகின்றன. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே ஐம்பது அடி விட வேண்டும் என்பது ஊரில் எல்லோரும் கேட்டறிந்த விதி. மணல் நிலத்தில் அது ஓரளவு காப்பளிக்கலாம். வெடிப்புகள் வழியே நீர் விரைந்தோடும் சுண்ணாம்புப் பாறையில் அந்த இடைவெளிக்கு அதே பயன் இல்லை. சிறு காணிகளில் அவ்விடைவெளிதானும் கிடைப்பதில்லை.

2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது மக்கள் அதைக் கண்ணால் கண்டார்கள், வீதிக்கும் இறங்கினார்கள். நைத்திரேற்றுக்கோ நிறமுமில்லை, மணமுமில்லை. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அந்த அளவை மீறிய கிணறுகள் குடாநாட்டில் உண்டென்பதை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சுட்டிக்காட்டி வருகின்றனர். கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை அது குறைத்துவிடும். நீரைக் கொதிக்கவைத்தாலும் அது நீங்குவதில்லை.

2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் அங்கீகரிக்கப்பட்ட யாழ்ப்பாணம் - கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம் இந்நிலையை மாற்றும் என எதிர்பார்க்கப்பட்டது. இரணைமடு நீரைக் கொண்டுவருவதைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தமையால் திட்டம் கடலை நோக்கித் திரும்பிற்று. தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரக்கூடிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. ஆனால் தொடக்கத்தில் இத்திட்டத்திலிருந்த யாழ் நகரக் கழிவுநீர்க் குழாயமைப்பு இடையில் கைவிடப்பட்டுவிட்டது.

இதன் பொருள் என்ன? வழங்கும் நீரில் ஏறத்தாழ எண்பது சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்பது திட்டமிடுவோரின் வழக்கமான கணக்கு. தாளையடி நிலையம் முழு அளவில் இயங்கினால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கோடி 90 இலட்சம் லீற்றர் கழிவுநீர் உருவாகும். அதற்கென வழி வகுக்கப்படாத இடங்களிலெல்லாம் அது அதே பாறைக்குள்தான் இறங்கும். நீரை மட்டும் கொண்டுவந்து, அது வெளியேறும் வழியை மறந்த திட்டம் பாதித் திட்டமே.

அப்படியானால் ஊரூராகக் கால்வாய் வெட்ட வேண்டுமா? வேண்டியதில்லை. இலண்டனில் 2025இல் நிறைவுற்ற 25 கிலோமீற்றர் நீளமான தேம்ஸ் சுரங்கக் கால்வாய்க்கு 450 கோடி பவுணுக்கு மேல் செலவாயிற்று. அதைச் சுமக்க ஒரு மாநகரமே இருக்கிறது. வீடுகள் சிதறிக் கிடக்கும் ஊர்களிலோ செலவின் பெரும்பங்கைக் குழாய்களே விழுங்கிவிடும். புங்குடுதீவுக்கோ வடமராட்சி கிழக்கின் கரையோரக் கிராமங்களுக்கோ அது பொருந்தாது.

பொருந்தும் வழிக்குத் தமிழ்நாட்டில் எடுத்துக்காட்டு உண்டு. மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் 2017இல் ஒரு மலக்கழிவுச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 23,000 லீற்றர் மட்டுமே. வீட்டுத் தொட்டிகளிலிருந்து லொறிகள் உறிஞ்சிவரும் கழிவை அது ஏற்கிறது. கருங்குழியும் மதுராந்தகமும் ஒரே நிலையத்தைப் பகிர்ந்துகொள்வதால் செலவும் பகிரப்படுகிறது.

குடாநாட்டிலும் சில பிரதேச சபைகள் ஒன்றிணைந்தால் இது இயலாததன்று. வேண்டியவை மூன்று. அடித்தளமும் பூசப்பட்ட, நீர் கசியாத தொட்டி முதலாவது. சில ஆண்டுகளுக்கொருமுறை தவறாது வந்து வெறுமையாக்கும் பவுசர் இரண்டாவது. அந்தப் பவுசர் கழிவைக் கொட்டுவதற்குரிய சுத்திகரிப்பு நிலையம் மூன்றாவது. தொட்டி மட்டும் நைத்திரேற்றுப் பிரச்சினையைத் தீர்த்துவிடாது என்பதையும் கூறியாக வேண்டும். தொட்டியிலிருந்து வழியும் நீரை நேரே பாறைக்குள் விடாமல் நாணலும் கல்வாழையும் நட்ட சரளைப் படுக்கையினூடாகச் செலுத்தினால், அதன் நைதரசனில் ஒரு பகுதியேனும் குறையும். கிணற்றடி நீரை வாழைப்பாத்திக்கு விட்ட எமது முன்னோருக்கு இக்கருத்து புதியதன்று.

இங்குதான் புலம்பெயர்ந்த எம்மவரின் பொறுப்பு எழுகிறது. ஊர்ச் சங்கங்கள் பாடசாலைகளுக்கும் வறிய குடும்பங்களுக்கும் மலசலகூடங்கள் கட்டித் தருகின்றன. அப்பணி போற்றுதற்குரியது. ஆயினும், அடித்தளமற்ற குழியோடு கட்டப்படும் ஒவ்வொரு மலசலகூடமும் அயல் வீட்டுக் கிணற்றுக்கு ஆபத்தாக முடியலாம். பணம் அனுப்புமுன் நாம் மூன்று கேள்விகள் கேட்போம். தொட்டிக்கு அடித்தளம் உண்டா? அதை வெறுமையாக்குவது யார்? அந்தக் கழிவு எங்கே கொட்டப்படும்? இவற்றுக்கு விடை தரும் கடமை பிரதேச சபைகளுக்கும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும் உண்டு. கேட்கும் உரிமை ஊரில் வாழும் மக்களுக்கும், அவர்களுக்குப் பணம் அனுப்பும் எமக்கும் உண்டு.